நண்டுகள் கோஷ்டியில் எமிலி

ஊர்காவற்றுறையில் எமிலியிடம் சட்டை தைப்பிக்காத வீடு குறைவு. அவளுடைய தம்பி சில்வெஸ்ரரின் பாட்டை முழுதாகக் கேட்ட வீடு அதைவிடக் குறைவு. கொழும்புத் துறைமுகத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு அறுபத்தொன்பதில் ஊர் திரும்பியபோது, சில்வெஸ்ரர் ஒரு மின்சாரக் கிற்றாரையும் தோளில் புரளும் தலைமயிரையும் கொண்டுவந்தான். மயிரைப் பார்த்து அம்மா அழுதாள். கிற்றாரைப் பார்த்தும் அழுதிருப்பாள். அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வேலணையிலிருந்து பஸ் கொண்டக்டர் நடராசாவையும், அவனுடைய சிநேகிதன் பாலசிங்கத்தையும் சேர்த்துக்கொண்டு சில்வெஸ்ரர் ஒரு கோஷ்டி தொடங்கினான். பெயர் ‘நண்டுகள்’.

“ஏன் தம்பி நண்டு?” என்று எமிலி கேட்டாள்.

“நண்டு நேர போகாது அக்கா. நாங்களும் சனம் போற பக்கம் போகமாட்டம்.”

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். சினிமாப் பாட்டு ஒன்றும் வாசிப்பதில்லை என்று சத்தியம் செய்து, தானே பாட்டு எழுதினான். காற்று, உப்பு, தனிமை என்று தொடங்கி, முடிகிற இடம் தெரியாமல் போகும் பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பானை சோறு வேகும் நேரம் நீளும்.

கோயில் பெருநாளுக்கு வாசிக்க ஒப்புக்கொண்ட வேளையில், டிறம் அடிக்கும் பாலசிங்கத்துக்கு வவுனியாவில் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது. சில்வெஸ்ரர் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தான். பக்கத்து அறையில் தையல் மிசினை மிதித்துக்கொண்டிருந்த எமிலி எழும்பி வந்தாள்.

“நான் அடிக்கிறன்.”

“உங்களாலை ஏலாது அக்கா.”

“பதினைஞ்சு வருசமாய் மிசின் மிதிக்கிறன். கால் பிழைச்சால் ஊசி விரலுக்கை போகும். உன்ர பாட்டிலை பிழைச்சால் ஆருக்குத் தெரியப்போகுது?”

அவன் கோபப்பட்டான். ஆனாலும் எழும்பிச் சாப்பிட்டான்.

பெருநாளன்று நண்டுகள் மூன்று பாட்டு வாசித்தார்கள். சனம் குறைசொல்லவில்லை, பொறுமையாகக் காத்திருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பி, “மைக் சோதிச்சது போதும் தம்பியவை, இனிப் பாட்டைத் தொடங்குங்கோ” என்றார். எமிலிக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து, குனிந்து டிறத்தின் திருகாணியை முறுக்குவதுபோல் பாவனை செய்தாள்.

மறுவருடம் இறுப்பிட்டி வாசிகசாலை ஆண்டு விழாவில்தான் அதிர்ஷ்டம் வந்தது. வந்த வழிதான் கொஞ்சம் கோணல். கொழும்புப் பத்திரிகையொன்றில் கலை விமர்சனம் எழுதும் சந்திரமௌலீசன், மனைவியின் ஊருக்கு வந்தவர், அங்கே இவர்களைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை இருந்தார். தூங்குகிறார் என்று எமிலி நினைத்தாள். இரண்டு கிழமை கழித்து அரைப்பக்கக் கட்டுரை வந்தது. ‘தீவகத்தில் ஒரு புதிய ஓசை. இவர்கள் கைதட்டலுக்காக வாசிப்பவர்கள் அல்லர்.’

சில்வெஸ்ரர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கவிட்டான். வாசிகசாலைச் செயலாளர் ஐயாத்துரை அதே கட்டுரையை வாசித்துவிட்டு மனம் நொந்துபோனார்.

“நாங்கள் கைதட்டினனாங்கள்தானே? கைதட்டு வேண்டாமெண்டால் எங்களிட்டை ஏன் வாசிக்க வந்தவை?”

அந்தப் பேச்சு தீவு முழுக்கப் பரவியது. பத்திரிகையில் வந்த ஆட்கள் பெரிய ஆட்கள், கலியாணவீட்டுக்குக் கேட்டால் வருவார்களோ என்று சனம் தயங்கியது. சந்திரமௌலீசன் ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு அழைப்புகள் குறைந்தன. வானொலிக்காரர் ஒரு பாட்டைப் பதிந்துகொண்டு போய், ஊரெல்லாம் கடலிலும் தோட்டத்திலும் நிற்கும் பகல்வேளையில் போட்டார்கள். கொழும்பில் ஒரு மண்டபத்தில் கச்சேரி நடந்தபோது விமர்சகர்கள் நிறைய வந்திருந்தார்கள். டிக்கெட் எடுத்து வந்தவர் நடராசாவின் மாமா ஒருவர்தான்.

இந்த வருடங்களில் நண்டுகளின் எல்லாக் கச்சேரியையும் கேட்ட ஒரே மனிதன் நெடுந்தீவு இராயப்பு. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன். கேட்காமல் அவனால் தப்பவும் ஏலாது, அம்பிளிபயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன். ஒருநாள் வயரைச் சுருட்டியபடியே எமிலியிடம் சொன்னான்:

“உம்மட தம்பியின்ர பாட்டு எனக்கு விளங்கிறேல்லை. ஆனால் உம்மட கால் ஒருநாளும் பிழைச்சதில்லை.”

சந்திரமௌலீசன் எழுதிய அத்தனை கட்டுரையிலும் இப்படி ஒரு வரி இல்லையே என்று எமிலிக்குத் தோன்றியது. எழுபத்தாறில் இராயப்புவைக் கட்டினாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இனி இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று முடிவுகட்டியிருந்த உறவுக்காரர் வேறு விசயம் தேடவேண்டியதாயிற்று.

ஊர்காவற்றுறைக் கோயிலில் தாலி கட்டினார்கள். மறுநாள் நெடுந்தீவில் மாப்பிள்ளை வீட்டு விருந்து. அதற்கு யாழ்ப்பாணத்துப் பிரபல கோஷ்டியொன்றை இராயப்பு பிடித்திருந்தான். சில்வெஸ்ரருக்குப் பொறுக்கவில்லை.

“என்னத்தான், எங்கட கோஷ்டி இருக்க வேறை ஆக்களைப் பிடிச்சியளே?”

“உங்கட கோஷ்டி வாசிச்சால் கலியாணப் பொம்பிளை டிறம் அடிக்கப் போயிடுவா. நான் தனியக் கதிரையிலை இருக்கிறதோ?”

 யாழ்ப்பாணத்துக் கோஷ்டியின் மினுக்குச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்ததும் எமிலிதான்.

ஆனால் அன்று கடல் நல்லாயில்லை. நெடுந்தீவுக்கு வந்த வள்ளம் ஆடிய ஆட்டத்தில் யாழ்ப்பாணத்து டிறம்காரன் வாந்தியெடுத்து, மினுக்குச் சட்டையோடு வேப்பமரத்தடியில் சுருண்டு கிடந்தான். மற்றவர்கள் டிறம் இல்லாமல் தொடங்க, பாட்டு கால் இழுபட்டு நடந்தது. எமிலி ஒரு பாட்டுக்குப் பொறுத்தாள். இரண்டாவதில் கூறைச்சேலையின் கொய்யகத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் டிறத்தின் முன்னால் இருந்தாள்.

சினிமாப் பாட்டு. பட்டுச்சேலையும் நகையுமாகப் பொம்பிளை டிறம் அடிக்க, நெடுந்தீவுச் சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழும்பியது. கிழவிகள்கூடத் தாளம் போட்டார்கள். ஏழு வருடமாகக் கேளாத பலத்த கைதட்டலை எமிலி அன்று கேட்டாள், வெட்கமில்லாமல் அது அவளுக்குப் பிடித்தது. இராயப்பு தனியக் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தான். சில்வெஸ்ரர் சமையல் நடந்த குசினிப் பக்கம் போய் நின்றான், ஆனால் அவனுடைய கால் விரல் ஆடியதை நடராசா கண்டவனாம்.

சில்வெஸ்ரரின் அழைப்பில் சந்திரமௌலீசனும் விருந்துக்கு வந்திருந்தார். அடுத்த கிழமை எழுதினார்: ‘நண்டுகளும் சனத்தின் பின்னால் போய்விட்டன. வருத்தம்.’

அந்தக் கட்டுரை வந்த மாதமே வேலணையிலிருந்து ஒரு கலியாண அழைப்பும் புங்குடுதீவிலிருந்து இரண்டும் வந்தன. இறுப்பிட்டியிலிருந்து ஐயாத்துரையும் நேரில் வந்து இருந்து, தேத்தண்ணி குடித்தார்.

“இப்பதான் எங்கட ஆக்களாய் வந்திருக்கிறியள்” என்றார். “அந்த நீளப் பாட்டுகளை மட்டும் விட்டிடுங்கோ.”

சில்வெஸ்ரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு பாதிக்குப் பாதி என்று இறங்கிவந்தான். சினிமா பாதி, தன்னுடையது பாதி. தன்னுடைய பாதி வரும்போது சனம் தேத்தண்ணி குடிக்கப் போகும், முடியத் திரும்பி வரும். இப்படி மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. எண்பதில் அவன் கப்பலில் வேலை எடுத்துப் போனான். தலைமயிரை வெட்டினால்தான் எடுப்போம் என்றார்களாம். அம்மா அந்தக் கப்பலுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள்.

எமிலி நெடுந்தீவில் தைத்துக்கொண்டிருந்தாள். பெருநாளுக்கு ஆர் கூப்பிட்டாலும் போய் அடித்தாள், கேட்ட பாட்டை அடித்தாள்.