ஓடைக்குள் ஒரு சோபா

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. ஆமாம், விசில்தான். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் மாதிரி.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் ஓடை இருக்கிறது. இங்கே அதை 'ராஜகாலுவே' என்பார்கள். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிற வழி. அதன் கரையில் ஒரு குட்டிக் காடு எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. என் தோழி சுதா அவ்வப்போது ஆள் திரட்டி ஓடையைச் சுத்தம் செய்வாள், மரக்கன்று நடுவாள். நானும் போவேன். ஓரமாகக் களையாய்ப் படர்ந்திருக்கும் நாலு உண்ணிச்செடியைப் பிடுங்குவேன், வீட்டுக்கு வந்து முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் சமூக சேவை.

இந்தத் தடவை சனிக்கிழமையே சுதாவுக்கு மாடிப்படியில் கால் பிசகிவிட்டது. போன் செய்தாள்.

"நாளைக்கு நீதான்டி லீட் பண்ணணும்."

"நானா? என் வீட்டுக்காரரையே எனக்கு லீட் பண்ண வராது!"

"வாரா வாரம் பத்திரிகையில பத்தி எழுதி ஊருக்கே புத்தி சொல்றியே... ஒரு நாள் செஞ்சுதான் பாரேன்."

அவள் வீட்டுக்கே போய் விசிலை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நல்ல கூட்டம். ஒரு கம்பெனியிலிருந்து ஒரே மாதிரி டி-ஷர்ட்டில் ஒரு பட்டாளம். அவர்களை அழைத்து வந்தவர் வருண் என்ற எச்.ஆர். இளைஞர். விவேக் நகரிலிருந்து சர்ச் பாடகர் குழு. அவர்களுக்குத் தலைவி ஜெனிஃபர். எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மஞ்சுநாத், தோளில் பெரிய கயிற்றுச் சுருளோடு. எதற்கு சார் கயிறு என்றால், "இர்லி மேடம்" என்று சிரித்தார். இருக்கட்டுமாம்.

விசிலை ஊதினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சுதா எழுதித் தந்ததை வாசித்தேன் — பாதிப் பேர் உண்ணிச்செடி, பாதிப் பேர் பிளாஸ்டிக், பிறகு எல்லோரும் கன்று நடுவது.

வேலை நன்றாகத்தான் போயிற்று. நாவல், புங்கை, நீர்மருது என்று கன்றுகள் வரிசையாகக் காத்திருந்தன. வருண் கையில் பேனரோடு போட்டோவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"போன தபா வந்தவங்களும் இப்டித்தான் செடி வெச்சாங்க, போட்டோ புடிச்சாங்க, போய்ட்டாங்க. அடைப்ப யாரு எடுக்கறது?"

செல்வி. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். ஐ.டி. பார்க் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஓடையை ஒட்டிய தகர ஷீட் வீடுகளில் ஒன்று அவளுடையது.

"என்ன அடைப்பு?" என்றேன்.

கூட்டிப்போய்க் காட்டினாள். சின்னப் பாலத்துக்கு அடியில், சரியாகத் தண்ணீர் போகிற வாய்க்குள்... ஒரு சோபா! மூன்று பேர் உட்காருகிற சோபா. யார் வீட்டில் யார் சாய்ந்து டி.வி. பார்த்ததோ! அதைச் சுற்றிச் சேறும் துணியும் தெர்மோகோலும் சுவர் மாதிரி இறுகியிருந்தன.

"மழ வந்தா தண்ணி இதுல முட்டி எங்க வூட்டுக்குத்தான் மேடம் திரும்புது. போன மழைக்குப் புள்ளைய மடியில வெச்சுக்கினு கட்டில் மேலயே குந்தினு இருந்தேன். அடுப்பு மெதந்துகினு போவுது."

வானத்தைப் பார்த்தேன். பன்னேர்கட்டா பக்கம் கறுத்திருந்தது.

திரும்பி வந்து விசில் ஊதினேன். இந்த முறை என்ன செய்வது என்று தெரிந்திருந்தது.

"நடறது அப்புறம். எல்லாரும் பாலத்துக்கு வாங்க!"

வருண் பதறினார். "மேடம், எங்க டார்கெட்டே மரக்கன்னுதான்..."

"கன்னு எங்கேயும் ஓடாது வருண். மழை ஓடி வருது."

அவர் ஒரு நிமிஷம் மேகத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார் பாருங்கள்... அந்த இடத்தில் அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மஞ்சுநாத் கம்பூட்ஸோடு இறங்கி சோபாவின் காலில் கயிற்றைக் கட்டினார். கரையில் இரண்டு வரிசை. அவர் கன்னடத்தில் "எளீரி, எளீரி!" என்று கத்த, முன்வரிசை இழுத்தது. அது ஓய்ந்ததும் பின்னால் யாரோ இந்தியில் "கீஞ்சோ!" என்க, பின்வரிசை இழுத்தது. நான் "இழுங்கப்பா!" என்று கத்தியபோது இழுத்தது நான் மட்டும்தான். சோபா அசையவில்லை. கயிறு வழுக்கி வருண் சேற்றில் உட்கார்ந்தார்.

மேகம் உறுமியது. செல்வி புடவையைச் செருகிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தாள்.

அப்போது ஜெனிஃபர் பாலத்தின் சுவர் மேல் ஏறினாள். பாடகர் குழுவுக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஐ...ல...சா!"

'சா'வில் கை கீழே இறங்கியது. கூட்டம் இழுத்தது — மொத்தமாக! மஞ்சுநாத் "ஹா... அதே, அதே! ஐலசா!" என்று குதித்தார். ஆந்திராக்காரப் பெண் ஒருத்தி "ஹைலெஸ்ஸா" என்றாள். இந்தி பேசுகிறவர்கள் அர்த்தம் கேட்கவேயில்லை. இந்த ஊரில் எந்தக் கடை போர்டில் எந்த மொழி எழுத்து என்று சண்டை போடுகிறோமே... கயிற்றைப் பிடித்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தாய்மொழி!

ஐலசா... ஐலசா... ஒரு பெரிய ஏப்பம் மாதிரிச் சத்தம். சோபா புரண்டு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தேங்கிய தண்ணீர் அத்தனையும் பாய்ந்தது. கறுப்புத் தண்ணீர்தான், நாற்றம்தான். நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டால் காவிரியே வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். செல்வி தண்ணீர் போகும் திசையிலேயே கரையோரம் ஓடினாள். தன் வீட்டைத் தாண்டி அது போவதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள்.

தூறலில் நனைந்துகொண்டே கன்றுகளையும் நட்டோம். குழி தோண்ட மண் வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுத்தது. போட்டோவும் எடுத்தோம். சேற்றில் யார் கம்பெனி, யார் சர்ச் என்று அடையாளம் தெரியவில்லை.

சாயங்காலம் கொட்டியது பாருங்கள் ஒரு மழை! பெங்களூரே மிதந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வாங்கி வைத்திருந்த நம்பரில் செல்விக்கு போன் போட்டேன். இரைச்சலில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"செல்வி, தண்ணி உள்ள வந்துடுச்சா? என்ன செய்யறே?"

"ஒண்ணும் செய்யல மேடம். கதவத் தொறந்து வெச்சுக்கினு, புள்ளையும் நானும் மழ பாத்துக்கினு இருக்கறோம்."

மழையை வேடிக்கை பார்ப்பதுகூட ஒரு வசதிதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.