ஏழாவது கன்னிமார்க் கல்

என்னிடம் மூன்று விண்கற்கள் இருக்கின்றன. மூன்றும் இரும்பு. பெரியது புளியங்கொட்டை அளவு, சிறியது கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. எந்த நாட்டிலோ விழுந்து, யாரோ அறுத்து, தபாலில் வாளையார் எல்லைச் சாவடி தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தவை. பெரியதன் அறுத்த முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். இரும்பு லட்சக்கணக்கான வருடங்கள் மெல்ல மெல்ல ஆறினால்தான் அப்படி வருமாம். பூமியில் எந்த உலையிலும் அதைச் செய்ய முடியாது. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துருவேறிவிடும் என்று, செருப்பு டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, அவற்றோடு ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடியிருக்கிறேன்.

வாங்கியவை வாங்கியவைதான். ஒன்றையாவது நானே கண்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் குச்சியில் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பேன். ஆணியும் லாடமும் ஒட்டும். "ஏம்புள்ள, இன்னிக்கு வானத்துல இருந்து நட்டா, போல்ட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வயல் ஓரம், வேப்பமரத்தடியில் ஏழு கற்களாகக் கன்னிமார் இருக்கிறார்கள். மழை வெள்ளத்தில் ஒரு கல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, உழும்போது கலப்பையில் இடித்த கறுப்புக் கல்லொன்றைக் கழுவி, எண்ணெய் பூசி வைத்துவிட்டார் அவர். தை மாதம் பொங்கல் வைக்கப் போனபோது காந்தக் குச்சியும் என் கையில் இருந்தது. குனிந்தேன். காந்தம் அந்த ஏழாவது கல்லில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

தூக்கிப் பார்த்தேன். எலுமிச்சை அளவுதான், ஆனால் கை இறங்கியது. மேலெல்லாம் வழுவழுப்பான பள்ளங்கள். எண்ணெய் ஊறி ஊறித் துரு அண்டவில்லை. விண்கல்லேதான் என்று தோன்றியது. ஓரத்தில் துளி தேய்த்து, அமிலம் தடவினால் போதும், கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று அவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் ஆகாது. பொட்டு வெச்சுக் கும்புட்டாச்சு. இனி அது கல்லில்ல, சாமி" என்றார்.

"ஏனுங்க, உழுதப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ வேணும்னா கன்னிமார்கிட்டக் கேளு."

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, பூக்கேட்பது என்று முடிவானது. வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் வைத்து மடித்து, கன்னிமார் முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் பேச்சே கிடையாது. அவர்தான் வாழையிலையில் மடித்துப் போட்டார். கோள்களின் பிறப்பைப் பற்றிப் படித்துத் தள்ளுகிறவள் நான். அன்று இலையைப் பிரிக்கும்போது மனதுக்குள் ஏழு பேரையும் கெஞ்சினேன்.

வெள்ளை.

வேறொரு கல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டு, இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரம் வழுக்கியது. சாணை பிடிக்கும் கிரைண்டரில்தான் ஓரம் வெளுத்தது. உப்புத்தாளில் தேய்த்து, அமிலத்தைத் தடவிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. மறுபடியும் தேய்த்தேன், மறுபடியும் தடவினேன். மனசு கேட்காமல் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் கையில் வாங்கியதுமே சிரித்துவிட்டார்: "இது சிமெண்ட் ஆலையில கல்லரைக்கிற குண்டுங்க. தேஞ்சு போனதும் வெளிய தள்ளிருவாங்க."

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். சாமி என்றும் பார்க்காமல் கன்னிமாரைத் திட்டினேன். உத்தரவு கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றேன்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமான கிண்டல் வரவில்லை.

"அவங்களத் திட்டாத புள்ள. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் வெச்சேன்."

வெள்ளிக்கிழமை தவறாமல் வேப்பமரத்தடியில் விளக்கு வைக்கிற மனிதர். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"சாமிகிட்டயே பொய்யாங்க?"

"அப்புறம்? அந்த மூணு நாளும் நீ சோறே திங்கலியே."