அடியில் ஒரு சாண்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், வளர்ந்தவர்களுக்கு ஜன்னல் என்றால் சுவரில் ஒரு பலகைக் கதவு, அவ்வளவுதான். அதனால் நோர்வூட்டுக்கு மேலே எங்களுக்குத் தனி வீடு கிடைத்தபோது, அறையின் அகலமான கண்ணாடி ஜன்னலைப் பல நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் சாய்ந்துவிடுவேன். மூடுபனி கண்ணாடி வரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஒன்பது பேர் இருந்த ஒரே அறையில் வளர்ந்தவள் நான். யார் கண்ணும் படாத ஒரு மணி நேரம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் கொழுந்து பறிக்கிற பெண்கள் அதை நிறுக்கப் போகிற பாதை அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் போகிறது.

“டீச்சர், படுத்திருக்கீங்களா? மேலுக்கு சொகமில்லையா?”

ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். எழுந்து உட்கார்ந்து சிரித்து வைப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்க் கண்ணையாவது மூடலாமே என்று டவுனுக்குப் போனேன்.

கடைக்கார முஸ்லிம் நானா, கெட்டித் துணியில் சுருட்டிவிடும் ஜன்னல் மறைப்பு, ப்ளைண்ட், ஒன்றைக் காட்டினார். வாங்கி வந்து மாட்டினேன். இழுத்துவிட்டதும் அறை கிணறாக இருண்டது. கால் மணி நேரம் ஆகவில்லை, கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா, காய்ச்சலுக்கு அவித்துக் கொடுக்கும் கொத்தமல்லித் தண்ணியோடு நின்றார். பின்னால் கொழுந்துப் பையோடு மூன்று பேர். ஒருத்தி அழுவதற்குத் தயாராகவே இருந்தாள்.

எங்கள் லயங்களில் பட்டப்பகலில் வீட்டை அடைப்பது நோய்க்கும் சாவுக்கும்தான். எனக்குத் தெரியாததா? மறந்துவிட்டேன். வெட்கத்தை மறைக்கக் கோபப்பட்டேன்.

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. இனிமே ஜன்னல் மூடியிருந்தா நான் நல்லாருக்கேன்னு நெனச்சுக்கோங்க. யாரும் தட்ட வேணாம்னு சொல்லிருங்க.”

அக்கா கொத்தமல்லியைத் திருப்பிக் கொண்டுபோனார்.

மறு சனிக்கிழமை ப்ளைண்டை நானாவிடமே கொடுத்தேன். ஒரே இருட்டு என்று முறையிட்டேன்.

“வெளிச்சமும் வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே டீச்சர். குறுக்குப் பட்டி வெச்ச ப்ளைண்ட் கொண்டு போங்க. மேல்பக்கமா சாச்சு வெச்சா உங்களுக்கு வானம் தெரியும். ரோட்டுல போறவங்களுக்கு நீங்க தெரியமாட்டீங்க.”

அப்படியேதான் இருந்தது. கோடு கோடாக வெளிச்சம் சுவரில் விழும். மேகம் வந்தால் கோடுகள் கரையும், போனால் திரும்பி வரும். பெண்களின் பேச்சு மட்டும் உள்ளே வரும், கண்கள் வராது. அந்த மாதங்களில் நான் கொள்ளை சந்தோஷமாக இருந்தேன். யாரும் தட்டவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் அடைமழை. காய்ச்சல் வந்தது. கரண்டும் இல்லை, ஃபோன் செத்துக் கிடந்தது. பட்டிகளை மூடியபடியே இரண்டு நாள் கிடந்தேன். எழுந்தால் சுவர் சுற்றியது. இரண்டாம் நாள் மத்தியானம் வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

“மெதுவாப் போங்கடி, டீச்சர் தூங்குறாங்க.”

அக்காவின் குரல். பேச்சு அடங்கியது. காலடிகள்கூட மெதுவாகிவிட்டன. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். அத்தனை பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கையை நீட்டிக் கயிற்றை இழுத்தேன். ப்ளைண்ட் ஒரு சாண்தான் ஏறியது. அந்த இடைவெளியில் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தேன்.

பின்கதவுக்குத் தாழ் போடாதது நல்லதாயிற்று. அக்கா ஓடி வந்து நெற்றியைத் தொட்டார்.

“ரெண்டு நாளா இந்தப் பக்கந்தானே போறேன். நல்லாருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!”

திட்டினார், அழுதார், பிறகு கொத்தமல்லி அவிக்கப் போனார். நானும் அழுதேன்.

இப்போதும் பட்டிகளைச் சாய்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அடியில் மட்டும் ஒரு சாண் திறந்திருக்கும். வேலை முடிந்து போகும்போது அக்கா அங்கே குனிந்து பார்ப்பார். நான் கால் விரலை ஆட்டிக் காட்டுவேன். அவர் போய்விடுவார்.