ஒரே அட்டையில் எட்டு வீடு

சின்னம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது மாதா கோயில் வாசலில் திறந்து கிடக்கும் ஒரு காரின் டிக்கிதான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் மற்றவர்கள் கீழ் மண்டபத்தில் தேநீருக்கு நிற்பார்கள். அம்மாவின் தங்கையான சின்னம்மா மட்டும், குளிரோ வெயிலோ, சித்தப்பாவின் பழைய காருக்குப் பின்னால் நின்று துணிப்பையிலிருந்து புத்தகங்களை எடுத்து ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். எல்லாம், புலம்பெயர்ந்து வந்த நாங்கள் குடியிருந்த பிரெஞ்சு நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் கட்டடத்துக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்த நூலகத்தின் தமிழ்ப் புத்தகங்கள். எல்லாம் சின்னம்மாவின் ஒரே அட்டையில் எடுத்தவை. மூன்று வாரத் தவணையை இரண்டு தரம் நீட்டி, அதற்குள் ஒவ்வொரு புத்தகத்தையும் எட்டு வீடு ஏற்றி இறக்கி, ஒரு புதன்கிழமை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

யாராவது தானும் ஓர் அட்டை எடுக்கலாமே என்று வாய் திறந்தால் போச்சு. "நாங்கள் எட்டுப் பேரும் தனித்தனியாப் போய் நிண்டா அந்தப் பிள்ளையளுக்கு எவ்வளவு கரைச்சல்?" என்பார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை அவருக்கு. ஒருவருடைய வேலையை இன்னொருவர் வீணாகக் கூட்டுவது அவருடைய கணக்கில் பாவம். அதனால் நூலகத்துப் பெண்களுக்கு எங்களால் ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருந்தார். வாசித்து முடித்தவர்கள் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஓர் அடையாளம் வைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். வாசித்த புத்தகமே மறுபடியும் ஒரு வீட்டுக்குப் போய் வாரத்தை வீணாக்கக்கூடாதாம். சின்னம்மாவுக்குச் சின்னச் சிலுவை, அம்மாவுக்கு ஒரு புள்ளி, நகரத்தின் மறுகோடியான பியர்பொன்ட்ஸிலிருந்து வரும் சிறில் அண்ணைக்கு ஒரு மீன். மீன் ஏன் என்று கேட்டதற்குத் தனக்குக் கீறத் தெரிந்தது அது ஒன்றுதான் என்றார்.

கோடையில் குடும்பமாக ஆற்றங்கரைக்குப் போவோம். பழைய துறைமுகத்துக்குப் போனால் பெரிய கப்பல்களைப் பார்க்கலாம், இல்-பிசாருக்குப் போனால் காரோடு ஏறி அக்கரையில் லாவலுக்குப் போகும் படகு. அம்மா புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க, சின்னம்மா காரைவிட்டு இறங்கமாட்டார். மடியில் புத்தகம். ஆற்றைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று நான் ஒருமுறை சண்டைக்கே போனேன். "ஆறு எங்கையும் போகாது பிள்ளை. இது புதன்கிழமை போகவேணும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு புதன்கிழமை, பை பாரம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். தமிழ்ப் புத்தகத் தட்டில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. சின்னம்மாவுக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் தெரியாது. நான் வாசித்தேன். நம்பமுடியாமல் மேசையிலிருந்த பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் கணினியைப் பார்த்துவிட்டு மிகவும் தன்மையாகத்தான் சொன்னாள். இடம் போதவில்லை, போகாத புத்தகங்களை எடுத்துவிடுகிறோம், இந்தத் தட்டில் ஒவ்வொரு புத்தகமும் வருடத்துக்கு ஒரு தரம் போனாலே பெரிய காரியம்.

"என்னவாம்?" என்றார் சின்னம்மா.

"இந்தப் புத்தகங்களை ஒருத்தரும் வாசிக்கிறேல்லையாம், சின்னம்மா. மாத முடிவிலை எடுக்கப்போகினமாம்."

அவர் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்த காரியமே கடைசியில் தட்டைக் காலிசெய்யப் போகிறது. இது அவருக்கு விளங்க நான் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பிறகு திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெண்ணின் முன்னால் மேசையில் வைத்தார். சிலுவை, புள்ளி, மீன், இன்னும் ஐந்து கிறுக்கல்.

"சொல்லு பிள்ளை. இது எட்டுப் பேர் எண்டு சொல்லு."

"சின்னம்மா, லைப்ரரிப் புத்தகத்திலை கீறினது பிழை. நாங்களே போய் மாட்டுப்படுறதோ?"

"மாட்டுப்படுவம். நீ சொல்லு."

சொன்னேன். எந்தக் குறி யாருடையது என்பதுவரை சொன்னேன். அந்தப் பெண் இன்னொரு புத்தகத்தை எடுத்துத் திறந்தாள், பிறகு இன்னொன்றை. எல்லாவற்றிலும் அதே கூட்டம். நல்லவேளை, பென்சில் என்றாள். பிறகு, கணினிக்கு மீன் தெரியாது, ஒவ்வொருவரும் தங்கள் அட்டையில் எடுத்தால்தான் அது எண்ணும், மாத முடிவுக்குள் அந்த எண்ணிக்கை கூடினால் தட்டில் ஒன்றையும் எடுக்கமாட்டோம் என்றாள்.

சின்னம்மாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சித்தப்பாவிடம்கூட ஒருநாளும் பிழையென்று ஒத்துக்கொண்ட ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. பூசை முடிந்தது. டிக்கி திறந்தது. ஆனால் பை வெறுமையாக இருந்தது. கைநீட்டி நின்ற எல்லோரையும் பார்த்து, "பிழை என்ரை" என்றார். "உங்களை லைப்ரரிப் பக்கமே போகவிடாமல் வைச்சிருந்தது நான்தான். வாற சனிக்கிழமை எல்லாரும் வந்து ஆளுக்கொரு கார்ட் எடுங்கோ. பிள்ளையளுக்கும் எடுங்கோ."

அவ்வளவு சுலபமாக யாரும் அசையவில்லை. நீங்கள் கொண்டுவந்து தாறது வசதியாக இருந்ததே என்று ஒருவர் இழுத்தார். சிறில் அண்ணை, "எனக்குப் பிரெஞ்சு கதைக்கத் தெரியாதே அக்கா" என்று பின்வாங்கினார்.

"அடையாள அட்டையை நீட்டினாக் காணும். கதைக்கிறதை அவையள் கதைப்பினம்."

அந்தச் சனிக்கிழமை ஈரப்பனி கொட்டியது. ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நூலகம் திறக்க முன்பே சின்னம்மா வாசலில் நின்றார். முதலில் அம்மா, பிறகு எங்கள் கட்டடத்து இரண்டு குடும்பம், பிறகு பியர்பொன்ட்ஸிலிருந்து கார் கிளப்ப முடியாமல் நீண்ட பேருந்துப் பயணம் செய்து, தொப்பியெல்லாம் வெள்ளையாகச் சிறில் அண்ணை, மனைவி, மூன்று பிள்ளைகள். எட்டு வீடும் வந்தது. அவர்கள் சொல்லிக் கூட்டிவந்த வேறு நாலு வீடும் வந்தது. எந்தக் கரைச்சல் வரக்கூடாது என்று சின்னம்மா இத்தனை வருடம் காவல் காத்தாரோ, அந்தக் கரைச்சல் முழுவதும் அன்று ஒரே வரிசையில் அந்தப் பெண்ணின் மேசைக்கு முன்னால் நின்றது. அவள் கை ஓயாமல் அட்டை போட்டாள். ஒருதரம் நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தத் தட்டு இப்போதும் இருக்கிறது, இன்னொரு வரிசை கூடியும் இருக்கிறது. சின்னம்மா இப்போது பியர்பொன்ட்ஸில் மகன் வீட்டில், கண்ணாடியை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். என் மகளுக்குப் பிரெஞ்சுச் சித்திரக்கதைகள்தான் பிடிக்கும். அவளை அந்த நூலகத்துக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் தமிழ்த் தட்டில் எத்தனை இடைவெளி விழுந்திருக்கிறது என்று என் கண் தானாகப் போய்ப் பார்க்கும். அந்தச் சனிக்கிழமை நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசைகூட இல்லை. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுச் சின்னம்மா கடைசியாகத் தட்டுக்குப் போனபோது அங்கே ஒரு புத்தகமும் இருக்கவில்லை. புத்தகங்கள் சாயாமல் பிடிக்கும் இரண்டு இரும்புத் தாங்கிகள் மட்டும் நின்றன. நூலகத்துக்குப் போய் அவர் வெறுங்கையோடு திரும்பியது அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு முன்பே வீடு வந்திருந்த அம்மா கதவைத் திறந்தார். தங்கையின் மடித்த பையைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்னடி, உனக்குப் புத்தகம் கிடைக்கேல்லையோ?"

விருந்தாட்கள் சோற்றுப் பானையை வழித்துத் துடைத்துவிட்டுப் போன வீட்டுக்காரியின் முகம் சின்னம்மாவுக்கு.

"ஒண்டும் மிச்சமில்லை அக்கா" என்றார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இன்னொருதரமும் சொன்னார். "ஒண்டுமே மிச்சமில்லை."