மடித்துத் திருப்பிக் கொடுத்த சீட்டு

செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகும் தெருவில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில் ஓரமாக என் இஸ்திரி வண்டி நிற்கிறது. ஐந்தாவது வரை படித்தேன், பிறகு இந்த வேலைக்கு வந்துவிட்டேன். துணியை விரிப்பதற்கு முன்னால் பாக்கெட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். பேனா இருக்கும், சாவி இருக்கும், மருந்துச் சீட்டு இருக்கும். சில சமயம் யாரோ யாருக்கோ எழுதிய கடிதம்கூட இருக்கும். எதையும் பிரிக்கக் கூடாது. தேய்த்து மடித்த துணிக்கு மேலே வைத்து அப்படியே கொடுத்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருவருடைய காகிதத்தையும் நான் படித்ததில்லை. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் என் மனைவிதான். பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போவது, ரேஷன் கடையில் சண்டை போடுவது, மகளைத் திட்டுவது, பிறகு சிரிக்கவைப்பது எல்லாம் அவள். "இஸ்திரிப் பொட்டிகூட மூடியத் தொறந்தா கீச்சுனு ஒரு சத்தம் போடுது. இந்த மன்சன் வாயத் தொறந்தா அதுவும் வர்றதில்ல" என்பாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன், சத்தம் வராமல்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேர். "சாப்டியாம்மா?" என்று கேட்பேன். "சாப்ட்டேன்" என்பாள். பானையில் சோறு நான் வைத்துவிட்டுப் போனபடியே இருக்கும். அது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. கேட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

குடியிருப்பின் வாட்ச்மேன் ஒருநாள் சொன்னார். "அண்ணா, பொண்ணு இன்னா இப்டி எளைச்சிக்கினே போவுது? கூப்ட்டு வச்சி இன்னான்னு கேளு."

"கேக்கறேன்."

"நீ கேக்கறதுக்குள்ள அது கல்யாணம் கட்டிக்கினு பேரப்புள்ளயே எடுத்துடும்."

அவருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பள்ளிச் சீருடையை மகளே துவைத்துக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியில் மற்ற துணிகளோடு வைத்துவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு, சுடிதாருக்கு மேலே போடும் கோட்டின் பாக்கெட்டில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன். கை பழகிப்போன வேலை அது. கூடவே ஒரு எண்ணமும் வந்தது. தாயில்லாத வயசுப் பெண், அவள் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று தகப்பன் நோண்டக் கூடாது. தேய்த்து முடித்து, மேலே காகிதத்தை வைத்துக் கொடுத்தேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கரியில் சாம்பலை ஊதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமும் ஒரு காகிதம். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது முறை, துணியைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து வந்த திங்கட்கிழமை அவள் சீருடை போடவில்லை.

"ஸ்கூலுக்கு நேரமாவுதேம்மா."

"இனிமே போவல."

"ஏம்மா?"

"இப்ப மட்டும் எதுக்குக் கேக்கற?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் கேட் வரைக்கும் போவேன். உள்ளே யாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துத் திரும்பிவிடுவேன். கடைசியில் ஒரு புதன்கிழமை, கேட்டில் இருந்த அம்மாவே என்ன விஷயம் என்று விசாரித்து, "கவுன்சிலர் மேடம் இன்னைக்குத்தான் வருவாங்க, போய்ப் பாருங்க" என்று ஒரு சின்ன அறையைக் காட்டினார். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே ஒருவர் வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வருகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சுவரில், பிள்ளைகளும் பெற்றவர்களும் இலவசமாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று ஒரு நம்பர் பெரிதாக எழுதியிருந்தது. அதைத் தாண்டித்தான் என் மகள் தினமும் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

நான் யாருடைய அப்பா என்று சொன்னதும் அந்த மேடம் எழுந்தே நின்றுவிட்டார்.

"எவ்வளவு நாளா உங்களத் தேடறேன் சார். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது."

பள்ளியில் கொடுத்திருந்தது என் மனைவியின் நம்பர். அந்த போனை நான் அணைத்து அவள் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன்.

"பொண்ணு எங்கிட்ட நல்லாத்தான் பேசினா. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. டாக்டர்கிட்ட அனுப்பணும்னா வீட்லேர்ந்து ஒருத்தர் வரணும் சார். அப்பாகிட்ட சொல்லுன்னேன். வாய் வராது மேடம், எழுதிக் குடுங்கன்னா. மூணு தடவ எழுதிக் குடுத்தேன்."

"நாலா மடிச்ச பேப்பரா மேடம்?" என்றேன்.

"அப்பா பாத்தாரான்னு கேட்டேன். எதுவும் சொல்லாம மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாருன்னு சொன்னா. அதுக்கப்புறம் எங்கிட்டயும் பேசறத நிறுத்திட்டா."

மேடம் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைக் குடிக்கும்போதுதான் அது உறைத்தது. துவைத்த துணியின் பாக்கெட்டில் காகிதம் இருந்தால் ஊறி, காய்ந்து, கட்டியாகத்தான் இருக்கும். எத்தனை ஆயிரம் பார்த்திருக்கிறேன். அவள் காகிதங்கள் மூன்றும் புதுசாக, மொடமொடப்பாக இருந்தன. துணி காய்ந்த பிறகு வைத்திருக்கிறாள். நான் பாக்கெட்டைத் தடவுவேன் என்று தெரிந்து, என் கைக்கு வர வேண்டும் என்றே வைத்திருக்கிறாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம்.

வீட்டுக்கு ஓடினேன். சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் இருக்கும் என் மனைவியின் தங்கை வந்திருந்தாள். மகள்தான் போன் செய்து வரவழைத்திருக்கிறாள். பை கட்டி வாசலில் இருந்தது. அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை இருக்கிறதாம்.

"நான் அதப் படிக்கலம்மா" என்றேன். "சத்தியமா பிரிக்கவே இல்ல."

"மூணையுமா?"

"கஸ்டமருங்க பேப்பரப் பிரிக்கக் கூடாதுன்னு..."

அவள் என்னையே பார்த்தாள். "நான் இன்னா உனக்கு கஸ்டமராப்பா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சித்தியோடு போய்விட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் ரயில் ஏறி அங்கே போகிறேன். அவளுடைய கம்பெனிச் சட்டைகளை வாங்கி வந்து, தேய்த்து, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேண்டாம் என்று அவள் சொல்வதில்லை. பாக்கெட்டுகளைத் தடவிப் பார்க்கிறேன். எதுவும் இருப்பதில்லை.

போன மாதம் நானே ஒரு சீட்டு எழுதினேன். எழுத ஒரு பகல் முழுக்க ஆயிற்று. 'புதன்கிழமை மேடம் இருப்பாங்க. நானும் உன்கூட உள்ள வந்து உக்காருறேன். நானே பேசறேன்.' நாலாக மடித்து, தேய்த்த சட்டையின் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு துணிப் பையை என்னிடம் நீட்டினாள். துணிகளுக்கு மேலே, நான் மடித்தபடியே, அந்தச் சீட்டு இருந்தது. நான் தலையைத் தூக்குவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

ரயிலில் அதைப் பிரித்தேன். என் எழுத்துதான் இருந்தது. அவள் ஏதாவது எழுதியிருப்பாளோ என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெறும் காகிதம்தான்.