அண்ணையின் மட்டை

அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணையை அறைக்குள் ஒளித்து வைத்தோம். அவர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது ஒன்பது வயதான என் பொறுப்பு.

முதல்நாள் ஆட்டத்தில் அவருடைய இடது கண் வீங்கி மூடிவிட்டது. புருவத்தில் ஏழு தையல். முன்பல் ஒன்று இல்லை. படிப்பைப் பாதியில் விட்ட அண்ணை, ஐஸ் ஹொக்கி ஆடிச் சம்பளம் வாங்கத் தொடங்கியது அந்த வருடம்தான். அவர் கோல் அடிப்பவரல்ல. எதிரணியில் கோல் அடிக்க வருகிறவனைத் தோளால் மோதிப் பலகைச் சுவரோடு சாத்துகிறவர். பல் போனபிறகும் இறங்கி ஆடினார் என்பதைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல நான் காத்திருந்தேன்.

அப்பாவின் கவலை வேறு. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருக்களில் எங்கள் பெடியன்கள் குழுக்களாகப் பிரிந்து, தடியும் கத்தியுமாக அடிபட்ட காலம் அது. முகத்தில் காயத்தோடு ஒருவன் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

“மூத்தவர் எங்கை, காணேல்லை?” என்று மாப்பிள்ளையின் மாமா கேட்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“வேலைக்குப் போட்டான்,” என்றார் அப்பா.

அண்ணை மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டார். கொஞ்ச நேரத்தில், கழிப்பறையைத் தேடி வந்த அதே மாமா எங்கள் கதவைத் திறந்துவிட்டார்.

“தம்பி, நீர் எந்தக் குறூப்?”

“குறூப் இல்லை மாமா. ஐஸ் ஹொக்கி விளையாடுறனான்.”

“எங்கடை பெடியளோ? ஐசிலையோ? ஆருக்குக் காது குத்துறீர்?”

கூடத்தில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு அக்கா அசையாமல் நின்றாள். அண்ணையை நம்பவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சாட்சி காட்டுவதற்காக, கட்டிலுக்கு அடியில் கிடந்த அவருடைய மட்டையையும் சப்பாத்து ஒன்றையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். கறுப்பு நாடா சுற்றிய மட்டையில் யாருடையதோ இரத்தம் காய்ந்திருந்தது. சப்பாத்தின் அடியில் தீட்டிய இரும்பு.

“ஐயோ!” என்று மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அண்ணை வெளியே வந்து தன் ஹொக்கிக் கழக அட்டையை நீட்டினார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளைதான் அதை வாங்கி வாசித்து, “உண்மைதான் அம்மா,” என்றார். ஆனாலும் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

பின்னேரம் தொலைபேசி வந்தது. அப்பா அதைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணையைப் பார்த்தார்.

“பிள்ளையைப் பிடிச்சிருக்காம். ஆனால் நீ உந்த விளையாட்டை விடவேணுமாம். பாக்கிற சனம் குறூப் எண்டுதானே நினைக்கும் எண்டினம்.”

அண்ணை யோசிக்கவே இல்லை. “ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. தன்னைவிடப் பெரிய ஆட்களுக்கே விலகாதவர், கழிப்பறை தேடி வந்த ஒரு சின்ன மனிதருக்குப் பயந்துவிட்டாரே! அவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அம்மா கேசரி கிண்டினார். அக்கா அதைத் தொடவில்லை. துணியில் பனிக்கட்டியைச் சுற்றி அண்ணையின் வீங்கிய கண்ணில் ஒற்றிக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளைக்கு முன்பக்கம் தலைமயிர் கொஞ்சம் குறைவு. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.