ரப்பர் புழுவும் அத்தர் குப்பியும்

பர்கத்துல்லாவின் மூக்கு மரத்துப்போய் இரண்டு வருஷமாகியிருந்தது. வாசத்தை விற்றுப் பிழைக்கிற மனிதர் இதை யாரிடம் போய்ச் சொல்லுவார்? வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அவர் விற்றது மீன்களுக்கான வாசம். தூண்டில் முள்ளில் கோக்கிற மெத்தென்ற ரப்பர் புழுக்களை வீட்டிலேயே வார்த்து, வாசம் ஏற்றி, யாங்கோனில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்த கோ சோ நைங்குக்குக் கொடுத்துவந்தார். வீடு என்றால் நாலாவது மாடியில் ஒரே அறை. அடுப்பு, கட்டில், தொழுகைப் பாய், அச்சுகள் எல்லாம் அதற்குள்தான். அவரும் மனைவி ஃபக்ருன்னிசாவும் அந்தச் சாமான்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் பொய்யில்லை.

முன்பு அவர் அத்தர் கடையில் வேலை பார்த்தவர். அசல் சந்தனம் எது, கலப்படம் எது என்று மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவார். முதலாளியே அவர் மூக்கைக் கேட்டுத்தான் சரக்கு எடுப்பார். கடையை மூடிய நாளில் ஒரு பெட்டி நிறையக் காலிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு வந்தார். கப்பலில் வேலை பார்த்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஜப்பானில் வாங்கிய ரப்பர் புழு ஒன்றைக் காட்டி, "இதுக்கு வாசம் ஏத்த முடியுமா காக்கா?" என்று கேட்டதில் தொடங்கியது இந்தத் தொழில்.

அந்தப் புழுவைக் குழைத்த பிளாஸ்டர் மாவில் பாதி அமிழ்த்தி அச்சு எடுத்தார். கிழிந்துபோன பழைய புழுக்களை வாங்கி நறுக்கி, அலுமினியப் போணியில் போட்டு, கரி அடுப்பில் இளந்தீயில் உருக்குவார். கொஞ்சம் அசந்தால் கருகிவிடும் என்பதால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாகுபோல் ஆனதும் இறக்கி, வாசத்தைச் சொட்டுவிட்டு, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றுவார். இறால் தலையை எண்ணெயில் காய்ச்சி வடித்து, பூண்டுச் சாறும் கொஞ்சம் சோம்பு எண்ணெயும் கலந்தால் அதுதான் வாசம். அதைக் காலி அத்தர் குப்பிகளில் அடைத்து வைத்திருந்தார். அத்தர் குப்பியில்தான் சொட்டு அளவாக விழும். யாங்கோனை அடுத்த மாவ்பி ஊர்ப் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்கிறவர்கள், இதைக் கவ்விய விரால் திரும்பத் துப்பாது என்று சத்தியம் செய்தார்கள். விராலிடம் யாரும் கேட்கவில்லை.

தொடங்கிய புதிதில் ஃபக்ருன்னிசா தினமும் கத்தினாள். "கண்ணு எரியுது, மூக்கு எரியுது. சோறு வாயில வச்சா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. மனுஷி இருக்கிற வீடா இது?" அப்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் உருக்கினார். மேல்வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, பழைய லோஞ்சி ஒன்றைக் கிழித்து இடுக்குகளில் திணித்தார். எட்டு வருஷமாக அந்தத் துணி அங்கேயே இருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு வரவில்லை.

ஃபக்ருன்னிசாவும் எப்போதோ ஒரு நாள் கத்துவதை நிறுத்திக்கொண்டாள். பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று பர்கத்துல்லா நிம்மதியடைந்தார். உண்மையைச் சொன்னால், அவளோடு மல்லுக்கு நிற்க அவருக்குத் தெம்பும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மூக்கு போனது. பூண்டு பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப் பூண்டு வாங்கினார். பிறகு சந்தன அத்தரைத் திறந்து முகர்ந்தார். வெறும் தண்ணீரை முகர்ந்ததுபோல இருந்தது. கோ சோ நைங்குக்குத் தெரிந்தால் சரக்கு எடுக்க மாட்டார். ஃபக்ருன்னிசாவுக்குத் தெரிந்தாலோ அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவாள். அறுபது வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது? போணிக்குப் பன்னிரண்டு சொட்டு என்று எண்ணி விட்டு ஒப்பேற்றினார். கடையில் கோ சோ நைங் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து, "கௌங்டெ, சயா", நல்லாயிருக்கு ஐயா என்று தலையாட்டுவார். இவரும் ஒருதரம் முகர்ந்து தலையாட்டிவிட்டு வருவார். வீட்டிலும் இதே கூத்துதான். மீன் வாங்கினாலும் பால் காய்ச்சினாலும் ஃபக்ருன்னிசா அவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுவாள். அத்தர் கடை மூக்காயிற்றே. அவர் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பார். அடுப்பு முன்னால் உட்காருவதைவிட இந்த நடிப்புதான் அவரை அதிகமாகக் களைக்க வைத்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் ஃபக்ருன்னிசா அறையை ஒழித்துக் கழுவி, குப்பிகளையெல்லாம் துடைத்து ஒரே பலகையில் வரிசையாக வைத்தாள். பெருநாள் காலையில் அவர் புது லோஞ்சி கட்டிக்கொண்டு கிளம்பியபோது, "நில்லுங்க" என்றாள். ஒரு குப்பியைத் திறந்து விரலில் தொட்டு, காதுக்குப் பின்னாலும் கழுத்துப்பட்டியிலும் பூசிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பெருநாளைக்கு அவள்தான் பூசிவிடுவாள். குப்பியை அவர் பையில் போட்டு, "பக்கத்துல உள்ளவங்களுக்கும் வச்சுவிடுங்க" என்றாள்.

பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் உட்கார்ந்ததும், வழக்கம்போல் குப்பியை எடுத்து இரண்டு பக்கமும் இருந்தவர்களின் புறங்கையில் தேய்த்துவிட்டார். வலது பக்கம் அதே தெருவில் குடைக் கடை வைத்திருந்த ஷம்சுதீன். அவர் கையை மூக்குவரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். தொழுகை முடிந்து கட்டித் தழுவியபோது எல்லோரும் பர்கத்துல்லாவைத் தொட்டதும் விட்டார்கள். பெருநாள் அவசரம் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் ஷம்சுதீன் அவரை ஓரமாக அழைத்துப்போனார். "காக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அத்தர் இல்ல, இறால் எண்ண."

பர்கத்துல்லா குப்பியைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க மேல எப்பவும் லேசா அடிக்கும், நாங்க பழகிட்டோம். இன்னிக்கு எங்க கையிலயே தேச்சுட்டீங்க" என்று ஷம்சுதீன் சிரித்தார். "கெய்ஸ மஷிபூ, பரவாயில்ல. கழுவிக்கிட்டு மத்தியானம் சேமியா குடிக்க வீட்டுக்கு வர்றேன். ஆனா ஒங்களுக்கே தெரியலையா?"

"ஜலதோஷம்" என்றார் பர்கத்துல்லா.

வீட்டிலும் ஜலதோஷம் என்றே சொல்லிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில் கால் நின்றுவிட்டது. குப்பியைத் திறந்தது அவரல்ல. அவள்தான் திறந்தாள், தன் விரலால் தொட்டாள், அவர் காதருகில் குனிந்து நின்று பூசினாள். நல்ல நாளில் தொழப்போகிற புருஷனுக்குத் தெரிந்தே இறால் எண்ணெய் பூசுவாளா? பர்கத்துல்லா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே போகவே பயமாக இருந்தது.

அறையில் ஃபக்ருன்னிசா அதே கரி அடுப்பில் சேமியாவுக்குப் பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? பால் அடிப்பிடிச்சிருக்கான்னு மோந்து சொல்லுங்க. எனக்குச் சளி."

அவர் வழக்கம்போல் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியாது ஃபக்ரு. வாசமே தெரியாது. ரெண்டு வருஷமாச்சு."

கரண்டி நின்றது. அவள் கத்தவில்லை. அடுப்பில் தண்ணீரையும் ஊற்றவில்லை.

"எனக்கு மூணு" என்றாள்.

அவர் அடுப்போரம் உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுருவீங்க. விட்டுட்டு என்ன பண்ணுவீங்க?"

தன் மூக்கைக் கெடுத்துக்கொண்டது போகட்டும், அவளையும் அறைக்குள் வைத்துப் பூட்டியல்லவா புகை போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அவள் கத்தாமல் இருந்ததற்காக மூன்று வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறார். எழுந்துபோய் ஜன்னல் இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கினார். கரி ஏறிக் கையோடு உதிர்ந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் ஜன்னல் திறந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு பிரியாணி தம் போட்டிருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் வெறும் காற்றுதான் வந்தது.

"நாளைக்கு கோ சோ நைங்கிட்ட சொல்லிடறேன், இனிமே இல்லன்னு."

"பெருநாள் முடியட்டும்" என்றாள் ஃபக்ருன்னிசா. குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "ஷம்சுதீன் அண்ணன் வருவாரே, இதக் கொடுக்கலாமா வேணாமா?"

பாலை வேறு சட்டியில் ஊற்றினார்கள். அவர் காலிச் சட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அவள் கரண்டியால் சுரண்டினாள். அடியில் கறுப்பு இருக்கிறதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.